பனிமலையில் கண் காத்த வரலாறு

பினாங்குத் தீவின் மேற்குப் புறத்தில், மலைத்தொடருக்கு அப்பால் ஒதுங்கிக் கிடப்பது பாலிக் புலாவ். 'தீவின் பின்புறம்' என்பதே அப்பெயரின் பொருள். டுரியானும் சாதிக்காயும் கிராம்பும் விளையும் மலைச்சரிவுகள், அடிவாரத்தில் வயல்கள், அவற்றிற்கு அப்பால் கடல். வெயிலும் மழையுமன்றி வேறு பருவம் அறியாத மண். இங்கு வாழும் ஒரு தலைமையாசிரியனுக்குப் பனிச்சறுக்கு ஆடுவோர் அணியும் கண்ணாடியைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டு என வினவுவீராயின், ஒன்றும் இல்லை என்பதே விடை. நான் பனிமலையை நேரில் கண்டவன் அல்லன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்பொழுது பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பணியாற்றுகிறார். உடன் வேலை செய்வோருடன் சப்பான் நாட்டு ஹொக்கைடோவுக்குப் பனிச்சறுக்கு ஆடச் செல்லவிருப்பதாகவும், கண்ணாடி வாங்க வேண்டும் என்றும் எனக்கு எழுதினார். "ஐயா, ஒன்று மிகக் கறுப்பாக இருக்கிறது, மற்றொன்று மஞ்சளாக இருக்கிறது. இரண்டும் விலை அதிகம். நம்மூர் வெயில் கண்ணாடியே போதாதா?" என்பது அவர் வினா. ஆசிரியன் எல்லாம் அறிந்தவன் என்னும் மயக்கம் சில மாணவர்க்கு முதுமை வரையிலும் நீங்குவதில்லை. சில நாள் பொறுக்குமாறு அவருக்கு எழுதிவிட்டு நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். ஒரு கண்ணாடியின் விலையைத் தேடிச் சென்றவன் கிரேக்கப் படையையும், வடதுருவ வேட்டுவரையும், எவரெசுட்டுச் சிகரத்தையும் கடந்து, கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனை வாயிலில் வந்து நின்றேன்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழில் 'பனி' என்றால் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனியே. இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனியே. முன்பனி, பின்பனி என்று பருவம் வகுத்த நம் முன்னோருக்குக் கண்ணைப் பறிக்கும் பனி அன்றாட அனுபவம் அன்று. வெண்பனிப் பரப்பில் நடப்பவனை வெயில் இருமுறை தாக்குகிறது. மேலிருந்து ஒரு முறை, தரையிலிருந்து எதிரொளித்து மறுமுறை. புதிதாகப் பெய்த பனி, தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். கடற்கரை மணல் திருப்பி அனுப்புவது ஏறத்தாழ 15 விழுக்காடு. புல்வெளி 10 விழுக்காட்டிற்கும் குறைவு. மேலும், மலை 1000 மீட்டர் உயருந்தோறும் அக்கதிரின் வலிமை 10 விழுக்காட்டிற்கும் மேல் கூடும். நெற்றியும் புருவமும் இமையும் மேலிருந்து வரும் ஒளியைத் தடுக்க அமைந்தவை. கீழிருந்து வரும் ஒளிக்கு முன் அவை பயனற்றுப் போகின்றன.

கருவிழியின் முன்புறப் படலம் இக்கதிரால் எரிந்து புண்ணாவதே பனிக்குருடு. இதில் ஒரு வஞ்சனை உண்டு. எரியும் பொழுது வலி தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணுள் மணலை அள்ளிப் போட்டாற்போல் வலி தொடங்கும், நீர் வழியும், இமை திறவாது. பொதுவாக இரண்டு மூன்று நாளில் குணமாகிவிடும் என்பது உண்மையே. ஆனால் பனிமலை நடுவே இரண்டு நாள் குருடாயிருப்பது உயிருக்கே உலை வைப்பதாகும்.

இந்நோயை நான் பனியில்லாமலே கண்டிருக்கிறேன். என் சின்ன மாமா இரும்புப் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலை செய்தவர். சில இரவுகளில் ஈரத்துணியால் கண்களைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பார். அத்தை உருளைக்கிழங்கை வில்லையாக அரிந்து இமைமேல் வைப்பார். பட்டறையில் முகமூடி இல்லாமல் இல்லை. அதன் கண்ணாடி வழியே தீப்பொறி எழுந்த பின்னரே இரும்பு தெரியும். அதற்கு முன் எல்லாம் இருட்டு. பற்ற வைக்கும் இடத்தைச் சரியாகப் பார்க்க வேண்டி மாமா முகமூடியை உயர்த்துவார். உயர்த்திய அந்த நொடியில் பொறி எழும். மருத்துவர் கணக்கில் அவர் நோயும் பனிக்குருடும் ஒன்றே. 'முகமூடி இருக்க ஏன் கழற்றினார்?' என்று சிறுவயதில் எண்ணியதுண்டு. இவ்வரலாற்றைப் படித்த பின்னரே அக்கேள்வியின் விடை எனக்கு விளங்கிற்று.

பனிக்குருட்டைப் பற்றிய பழைய குறிப்புகளுள் ஒன்று கிரேக்க அறிஞர் செனபோன் எழுதியது. கி.மு. 401-இல் பாரசீக நாட்டில் தலைவனை இழந்த கிரேக்கக் கூலிப்படை ஆர்மீனிய மலைப் பனியினூடே தாயகம் நோக்கித் திரும்பியது. வீரர் பலர் பார்வை இழந்தனர். நடக்கும்பொழுது கண்முன் கரிய பொருள் ஒன்றைப் பிடித்திருந்தவர் ஓரளவு தப்பினர் என்று அவர் எழுதினார். கறுப்பு கண்ணைக் காக்கும் என்னும் பட்டறிவு அன்றே இருந்தது என்பது தெளிவு.

வடதுருவத்து இனுவிட் மக்களின் ஆக்கம் இதனினும் நுட்பமானது. கடல் ஒதுக்கிய மரத்துண்டு, எலும்பு, துருவமான் கொம்பு, வால்ரஸ் தந்தம் ஆகியவற்றில் ஒன்றைக் குடைந்து, கண்ணுக்கு நேரே ஒடுங்கிய கிடைப் பிளவு ஒன்றை அறுத்து, தோல்வாரால் தலையில் கட்டிக்கொண்டனர். உட்புறத்தில் கரி பூசி ஒளிச்சிதறலைத் தடுத்ததும் உண்டு. இதில் கண்ணாடி என்னும் பொருளே இல்லை. எனவே மூச்சுக்காற்றின் ஈரம் படிந்து மங்குவதற்கு இடமில்லை. ஒவ்வொருவரின் மூக்குக்கும் கன்னத்துக்கும் பொருந்தக் குடையப்பட்டமையால் பக்கங்களில் ஒளி நுழைவதும் அரிது. குறுகிய பிளவு பார்வையைக் கூர்மையாக்கவும் செய்யும். ஐயமிருப்பின் வகுப்பறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். தாளில் ஊசித்துளை இட்டு, கிட்டப்பார்வையுடைய மாணவன் ஒருவனைத் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அத்துளை வழியே கரும்பலகையை நோக்கச் செய்க. எழுத்துகள் தெளிவுறுவதை அவனே சொல்வான். ஆயினும் இதற்கும் ஒரு குறை உண்டு. தொலைவிலுள்ள பனிப்பரப்பை நோக்கி நிற்கும் வேட்டுவனுக்கு இது போதும். தன் காலடியைப் பார்க்க வேண்டியவன் தலையைக் கவிழ்த்தாக வேண்டும்.

திபெத்து மக்கள் கையாண்ட முறை தமிழாசிரியர்களுக்குச் சுவையளிக்கும். கவரியின் கருமயிரை வலைபோற் பின்னிக் கண்மேல் கட்டினர். வள்ளுவர் 969-ஆம் குறளில் மானத்திற்கு உவமை காட்டும் கவரிமாவும் இமயத்து விலங்கும் ஒன்றுதானா என்பதில் புலவரிடையே வழக்கு உண்டு. அவ்வழக்கை ஈண்டு நான் தீர்க்கப் போவதில்லை. நம் நூல் மயிரை மானத்திற்கு அளவாக்கியது. பனிமலை வாழ்வோர் மயிரைக் கண்ணுக்குக் காவலாக்கினர் என்று மட்டும் சொல்லி மேற்செல்கிறேன்.

நீலமும் பச்சையும் புகைநிறமும் ஊட்டிய கண்ணாடிகளை 19-ஆம் நூற்றாண்டு துருவப் பயணிகளும் ஆல்ப்ஸ் மலையேறிகளும் அணிந்தனர். நிறம் கண்ணின் கூச்சத்தைத் தணித்தது. ஆனால் கண்ணைச் சுடுவது கட்புலனாகாத புறஊதாக் கதிர் ஆதலின், நிறம் மட்டும் காவலாகாது. ஆங்கில அறிவியலறிஞர் வில்லியம் குரூக்ஸ், கண்ணாடி உலைத் தொழிலாளரின் கண்ணைக் காக்கும் நோக்குடன் நூற்றுக்கணக்கான கலவைகளைச் சோதித்து, தீங்கான கதிரைத் தடுக்கும் கண்ணாடிகளைப் பற்றி 1914-இல் ஆய்வுரை வெளியிட்டார். தொழிலாளிக்காகத் தோன்றிய அறிவே வெயில் கண்ணாடிக்கும் அடிப்படை ஆயிற்று. என் மாமாவின் பட்டறையும் பனிமலையும் இங்கும் கைகோத்துக்கொள்கின்றன.

குரூக்ஸுக்கு முன்னரே ஒரு நிகழ்ச்சி. ராபர்ட் ஸ்காட், எட்வர்ட் வில்சன், எர்னஸ்ட் ஷாக்கிள்டன் ஆகிய மூவரும் 1902-ஆம் ஆண்டின் இறுதியில் தென்துருவப் பெருநிலத்தில் சறுக்குவண்டியை இழுத்துச் சென்றனர். வில்சன் மருத்துவர், பனிக்குருட்டின் இயல்பை நன்கறிந்தவர். அவரே ஓவியரும் ஆவார். எதிரே தோன்றிய மலைகளை வரைவதற்குக் கண்ணாடி தடையாயிருந்தமையால் கழற்றி வைத்து வரைந்தார். மீண்டும் மீண்டும் கண்வலியுற்றார். திசம்பர் மாதத்தில் ஒரு நாள், இரு கண்களையும் கட்டிக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டைகளின்மேல் நடந்தவாறே வண்டியிழுத்தார். வழியிலுள்ள காட்சிகளை ஸ்காட் அவருக்கு எடுத்துரைத்துக்கொண்டே வந்தார். நோயை அறிந்த மருத்துவரே கண்ணாடியைக் கழற்றினார் என்றால், அறியாமை அதற்குக் காரணம் அன்று. அவர் பார்க்க விரும்பியதை அக்கண்ணாடி காட்டவில்லை.

இனி நெய்யூருக்கு வருவோம். ஹோவர்ட் சோமர்வெல் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் 1922-ஆம் ஆண்டு எவரெசுட்டுப் பயணத்தில் பங்கு கொண்டார். மலையிலிருந்து இறங்கியதும் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர், தெற்குத் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் நடத்திய நெய்யூர் மருத்துவமனைக்குச் சென்றார். மிகுதியான நோயாளிகளுக்கு அங்கு மருத்துவரின் கை போதவில்லை. அதனைக் கண்டவர் லண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்பதவியைத் துறந்து நெய்யூரிலேயே பணியேற்றார். நெய்யூர் அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது; 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு அங்குத் தொண்டாற்றிய பின்னர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் அறுவை மருத்துவம் கற்பித்தார். தமிழ் மக்களின் நோய் தீர்த்த கை, எவரெசுட்டின் பாறையைப் பற்றிய கையும் ஆகும். நம் பாடநூல்களில் இவர் பெயரை நான் கண்டதில்லை, கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

நெய்யூரில் பணி தொடங்கிய பின் 1924-இல் மீண்டும் எவரெசுட்டுக்கு அழைப்பு வந்தது. அவ்வாண்டு சூன் 4-ஆம் நாள் சோமர்வெல்லும் பயணத் தலைவர் எட்வர்ட் நார்ட்டனும் உயிர்வளிக் கலன் இன்றிச் சிகரம் நோக்கி ஏறினர். பெரும்பகுதி பழுப்பு நிறப் பாறை, பனி குறைவு. ஒவ்வோர் அடியும் ஓடு வேய்ந்த கூரைமேல் வைப்பது போன்றது. கால் வைக்கும் இடம் தெளிவாகத் தெரிய வேண்டிக் கண்ணாடியை அகற்றியிருந்தார் நார்ட்டன். பாறை பனிபோல் ஒளியை எறியாது என்னும் எண்ணமும் அவருக்கு இருந்தது. ஏறும்பொழுது பொருள்கள் இரண்டிரண்டாகத் தோன்றலாயின. பனிக்குருட்டின் தொடக்கமோ என ஐயுற்றார். இராது என்றார் சோமர்வெல். இரட்டைத் தோற்றத்திற்கு உயிர்வளிக் குறைவே காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. ஆகவே மருத்துவர் கூறியது சரியே. ஆயினும் பனிக்குருடு தன் நேரத்திற்காகக் காத்திருந்தது.

தொண்டைப் புண்ணால் மூச்சுவிட இயலாது சோமர்வெல் அமர்ந்துவிட, நார்ட்டன் தனியே 28,126 அடி, அதாவது 8,573 மீட்டர் உயரம் வரை சென்று திரும்பினார். உயிர்வளிக் கலன் இன்றி மனிதன் எட்டிய அவ்வுயரம் அரை நூற்றாண்டுக்கு மேல் முறியடிக்கப்படவில்லை. இறங்கும் வழியில் சோமர்வெல்லின் தொண்டையில் அழுகிய தசை அடைத்து உயிர் போகும் நிலை ஏற்பட்டது. தம் நெஞ்சைத் தாமே அழுத்தி அதனை வெளியேற்றி உயிர் பிழைத்தார். அவ்விரவே வடமுகட்டுக் கூடாரத்தில் நார்ட்டனின் கண்கள் மூடிக்கொண்டன. ஏறத்தாழ 60 மணி நேரம் அவருக்குப் பார்வை இல்லை.

இங்குதான் வரலாற்று மாணவர் நின்று நோக்க வேண்டிய செய்தி உள்ளது. சூன் 6-ஆம் நாள் காலை ஜார்ஜ் மலோரியும் ஆண்ட்ரூ இர்வினும் அதே கூடாரத்திலிருந்து தம் இறுதிப் பயணத்தைத் தொடங்கினர். பார்வையிழந்து கிடந்த நார்ட்டனிடம் விடைபெற்றே புறப்பட்டனர். சூன் 8-ஆம் நாள் நண்பகலுக்குப் பின் நோயல் ஓடெல் மேகத்தின் இடைவெளியில் அவர்களைக் கண்டார். அதன் பின் கண்டவர் இலர். எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1999 மே 1-ஆம் நாள் மலோரியின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவருடைய கண்ணாடி முகத்தில் இல்லை, சட்டைப்பையில் இருந்தது.

நார்ட்டனுக்கு நேர்ந்ததைக் கண்ணாரக் கண்டு சென்றவர் பகல் வெளிச்சத்தில் கண்ணாடியைக் கழற்றியிருப்பாரா? மாட்டார் எனின், அவர் விழுந்தது கதிரவன் மறைந்த பின்னரே ஆதல் வேண்டும். அந்தி வரை அவர் உயிரோடு இறங்கிக்கொண்டிருந்தார் என்பது பெறப்படும். ஆய்வாளர் பலர் அவ்வாறே கருதினர். அவரிடம் மற்றொரு கண்ணாடி இருந்து விழுகையில் தெறித்துப் போயிருக்கலாம் என்று மறுப்போரும் உண்டு. எனக்கு முதற்கருத்தே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆனால் அதனைக் கொண்டு அவர் சிகரத்தை அடைந்தார் என்று சொல்லத் துணிவது சான்றுக்கு மிஞ்சிய ஆசை. சட்டைப்பையிலிருந்த ஒரு கண்ணாடி அவர் இறந்த வேளையைச் சுட்டலாம். ஏறிய உயரத்தைச் சுட்டாது.

வில்சன், நார்ட்டன், என் மாமா ஆகிய மூவரும் கழற்றியது ஒரே காரணத்திற்காக. கண்ணாடி பார்வையை மறைத்தது. கண்ணைக் காப்பது எவ்வளவு முதன்மையோ, கழற்றத் தோன்றாதபடி இருப்பதும் அவ்வளவு முதன்மை. முகத்திற்கு இதமும் காட்சித் தெளிவும் ஆடம்பரம் என்று நான் எண்ணியிருந்தது பிழை. காவலின் பாதி அவற்றிலேயே அடங்கியுள்ளது. அதனையே என் மாணவருக்கு எழுதலானேன்.

பனிச்சறுக்கு வீரரைக் கண்ணாடி கழற்றச் செய்யும் முதற்பகை ஆவி படிதல். காப்பிக்கடையில் பனிக்கட்டி இட்ட கொப்பிக் கோப்பையின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். குளிர்ந்த பரப்பில் வெப்பமான ஈரக்காற்று பட்டால் நீர் படியும். முகத்தின் வெம்மை உள்ளும் பனிக்குளிர் வெளியிலுமாக இருக்கும் கண்ணாடியில் அதுவே நேர்கிறது. பாப் ஸ்மித் என்னும் அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் 1965-இல் இதற்கு வழி கண்டார். இரு வில்லைகளை நடுவே காற்று நிற்கும்படி அடுக்கி, விளிம்பில் காற்றோட்டத்திற்கு நுரைப்பஞ்சு வைத்தார். வெளிவில்லை குளிர்ந்தாலும் உள்வில்லை குளிர்வதில்லை; ஆவி படிவதும் குறைகிறது. பல் கட்டும் கைகள் பனிக்கண்ணாடியைத் திருத்தியமைத்தது விந்தையே. எனவே ஒற்றை வில்லையை வாங்க வேண்டா என்று எழுதினேன். உள்வில்லையில் ஈரம் பட்டால் அழுத்தித் துடைப்பதும் ஆகாது. அதன்மேல் பூசிய மென்பூச்சு போய்விடும். ஓய்வின்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவோர் பலர். வியர்த்த நெற்றியின் ஆவி முழுவதும் அதனுள் புகும்.

மாணவரின் வினாவுக்கு விடை, இரண்டும் வேண்டும் என்பதே. கண்ணாடியின் கருமையை 0 முதல் 4 வரை ஐந்து படிகளாக வகுத்துள்ளனர். 3-ஆம் படி 8 முதல் 18 விழுக்காடு ஒளியை மட்டுமே உள்ளே விடும். வெயில் காயும் பனிவெளிக்கு ஏற்றது. 1-ஆம் படி 43 முதல் 80 விழுக்காடு வரை விடும். மேகமும் பனிப்பொழிவும் சூழ்ந்த நாளுக்கு உரியது. மூட்டமான நாளில் வானும் தரையும் ஒரே வெண்மையாகிப் பள்ளம் மேடு தெரியாது. மஞ்சளும் இளஞ்சிவப்பும் அவ்வேளையில் நிழலைச் சற்று எடுத்துக்காட்டும். அந்நாளில் கரிய வில்லை அணிந்தவன் ஒன்றும் தெரியாமல் அதனைக் கழற்றுவான். மேகமிருப்பினும் புறஊதாக் கதிர் வந்துகொண்டேயிருக்கும். நல்ல வில்லை எந்நிறமாயினும் அக்கதிரை முற்றும் தடுக்க வேண்டும். நிறம் கறுத்திருந்து கதிரைத் தடுக்காத மலிவான கண்ணாடியோ, இருட்டால் கண்பாவையை விரியச் செய்து தீமையைப் பெருக்கும். நம்மூர் வெயில் கண்ணாடி போதாமைக்குக் காரணம் வேறு. அதன் பக்கமும் அடியும் திறந்து கிடக்கின்றன.

பொருத்தத்தைக் கடையில் நின்றே பார்க்க வேண்டும். பட்டையை இழுக்காமல் முகத்தில் வைத்தாலே விளிம்பு முழுவதும் தோலைத் தொட வேண்டும். நம்மவர் மூக்கும் ஐரோப்பியர் மூக்கும் ஒன்றல்ல. மூக்கின் இருபுறமும் வெளிச்சம் தெரிந்தால் வேறு அளவு கேட்பதில் வெட்கம் வேண்டா. மூக்கை அழுத்தி மூச்சைத் தடுப்பதும் ஆகாது. தலைக்கவசத்துடன் அணிந்து, கவச விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையே நெற்றி தெரியாமலும், கவசம் கண்ணாடியைக் கீழே தள்ளாமலும் இருக்கிறதா என்று நோக்க வேண்டும். அவர் பார்வைக்கண்ணாடி அணிபவர். அதன்மேல் அணியத்தக்க ஆழமான வகை தனியே உண்டு. தலையைத் திருப்பாமல் இருபக்கமும் காண இயல வேண்டும். வேகமாகச் சறுக்குபவனுக்குப் பக்கத்தில் வருபவன் தெரியாவிட்டால் தெளிவான வில்லையால் என்ன பயன்? பத்து நிமிடமாவது அணிந்தவாறே கடைக்குள் நடந்து பார்க்கச் சொன்னேன்.

இவை நமக்கு ஏன் என்று கேட்கும் ஆசிரிய நண்பர்களுக்கு இரண்டு செய்திகள். எவரெசுட்டில் முதன்முதல் கால் வைத்த மலேசியர்கள் மு. மகேந்திரனும் நா. மோகனதாஸும், நாள் 1997 மே 23. பனியே காணா மண்ணில் பிறந்த நம்மவர் அவர்கள். மற்றொன்று துயரமானது. சியாச்சின் பனியாற்றில் 2016 பிப்ரவரி 3-ஆம் நாள் பனிச்சரிவில் புதையுண்டோர் மதராஸ் படைப்பிரிவின் 19-ஆம் அணியோடு இருந்த பத்து வீரர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். உயர்மலைப் படையினருக்குப் பனிக்கண்ணாடி உள்ளிட்ட பொருள்கள் பற்றாக்குறையாய் இருந்ததை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2020-இல் எடுத்துக்காட்டியது. வேட்டுவன் தன் முகத்திற்கெனக் கொம்பைக் குடைந்தான்; காவல் நிற்கும் வீரனோ வழங்கப்படும் வரை காத்திருக்க வேண்டியவன்.

மாணவர் ஹொக்கைடோவிலிருந்து படம் அனுப்பினார். நான்காவதாக அணிந்து பார்த்ததே பொருந்தியதாம். கடைக்காரர் பொறுமை இழந்தாராம். அப்படத்தை இவ்வூரிலுள்ள அவர் தாயாரிடம் காட்டினேன். தலைக்கவசம், அதன்கீழ் முகத்தின் பாதியை மூடிய கண்ணாடி. அக்கண்ணாடியில் வெள்ளை மலையொன்றும் படமெடுத்தவரின் நிழலும் தெரிந்தன. அம்மையார் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா, முகமே தெரியவில்லையே, அவன்தானா இது?" என்று கேட்டார்.